கொஞ்சக் கூடாத குட்டி

2024 ஜூன் 4, செவ்வாய்

மெர்சியே பாலத்து வாகன நெரிசலில் இன்றும் முக்கால் மணி நேரம். வீடு இருக்கும் லாசாலில் இருந்து நடந்து போயிருந்தால்கூட முந்தியிருப்பேன். பண்ணைக்குப் போய்ச் சேர, முதலாளி சில்வி பட்டி வாசலிலேயே நிற்கிறார். பதினேழாம் இலக்க அல்பாகாக் குட்டிக்குத் தாயிடம் பால் இல்லையாம். அல்பாகா என்றால் கம்பளி மயிருக்கு வளர்க்கிற சின்ன ஒட்டகச் சாதி. பிறந்து நாலு நாள். கால் நாலும் தீக்குச்சி. இனிப் போத்தல் பால்தான், பகல் பொறுப்பு என்னுடையது.

அதற்கு ஒரு சட்டம் வேறு. போத்தலைக் கொடு, குடித்ததும் வெளியே வா. தடவாதே, பேசாதே, முகத்துக்குக் கிட்ட வர விடாதே, பெயர் வைக்காதே. "பெட்டை என்றாலும் பரவாயில்லை, இது ஆண்" என்றார். என்னுடைய பிரெஞ்சு பெரிய பிரெஞ்சு இல்லை. ஆனால் இது நன்றாகவே விளங்கியது. "வி, வி" என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினேன். "நாயைக் கட்டில்ல படுக்க வைப்பினம், தாய்ப்பால் இல்லாத குட்டியைத் தடவக் கூடாதாம். இந்த வெள்ளைக்காரருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமே, இமெல்டா?"

"உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்" என்றாள்.

ஜூன் 9

போத்தலை முழுக்கக் குடித்தான். சில்வி உள்ளே போனதும் வைக்கோலில் குந்தி அவனை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. பெயர் வைத்துவிட்டேன். குஞ்சு. வாயில் தானாக வந்தது, நான் என்ன செய்ய?

ஜூன் 27, வியாழன்

என் கார்ச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி வருகிறான். மற்றக் குட்டிகள் பொழுதுபடக் கூட்டமாகத் துள்ளி ஓடும். இவன் போவதில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். பெருமையாக இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மடு மாதா திருவிழாப் பூசை முடிந்ததும் எங்கள் கோயில் பங்குச் சனம் பத்துப் பேரைப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். சில்வி ஊரில் இல்லை. எங்கள் சனத்துக்கு ஒரு குட்டியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஆளுக்கு ஆள் அப்பிள் துண்டு தீத்தினார்கள், கழுத்தைக் கட்டிப் படம் எடுத்தார்கள். பாடகர் குழு றொக்சன் குஞ்சின் நெற்றியில் சிலுவை போட்டு ஒரு முத்தமும் கொடுத்தான். மகள் ஜொய்சி இப்போது ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி. குனிந்த அவள் தோளில் குஞ்சு தலையை வைத்தான். "அப்பா, என்ன இவன் முகத்துக்கு முகம் வாறான்?" என்று ஒதுங்கினாள். எல்லாரும் சிரித்தோம்.

செப்டம்பர் 12

நெஞ்சால் ஒரு முட்டு. முழங்காலை நறுக்கென்று கடிக்கவும் செய்தான். விளையாட்டுத்தான். அப்பிள் கொடுத்தேன், அடங்கிவிட்டான்.

செப்டம்பர் 30

சில்வியின் முகத்தில் துப்பிவிட்டான். துடைத்துக்கொண்டே கேட்டார்: "அருமைராசா, நீ இவனைத் தடவினாயா?"

இல்லை என்றேன். பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒழுங்காகப் போகிற வாய்.

அக்டோபர் 13, ஞாயிறு

நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நீண்ட வார இறுதி என்று ஜொய்சி வந்திருந்தாள். நான்தான், வேறு ஆர், நான்தான் "வா, குஞ்சு எவ்வளவு வளந்திட்டான் எண்டு பார்" என்று கூட்டிப்போனேன். ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை! அவள் வாசலைச் சாத்தத் திரும்பினாள். பின்னால் ஓடி வந்து முழுப் பலத்தோடு நெஞ்சால் இடித்தான். முழங்காலும் கையும் ஊன்றி விழுந்தாள். "அப்பா, வயிறு" என்றாள். நான் ஒரு நிமிடம் அசையாமல் நின்றேன். என்ன மனுசன் நான்?

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். நாளை வரைக்கும் வைத்துப் பார்ப்பார்களாம். மருமகன் நிஷான் என்னோடு கதைக்கவில்லை. இமெல்டா செபமாலையோடு பக்கத்தில் இருந்தாள்.

மாதாவே, அந்தச் சிசுவுக்கு ஒன்றும் வரக் கூடாது.

அக்டோபர் 15, செவ்வாய்

ஜொய்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு குறையும் இல்லை.

நான் சில்வியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மடி, பெயர், அப்பிள், பங்குச் சனம், பொய். ஏசுவார், அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். "அவன் கெட்டவன் இல்லை. தான் அல்பாகா என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீதான் அவனுடைய மந்தை. வயதுக்கு வந்ததும் ஆண் அல்பாகா மற்ற ஆணோடு சண்டை பிடிக்கும். இவன் மனிதரோடு பிடிப்பான். அப்போது எழுபது கிலோ இருப்பான்."

முன்பு அவரும் ஒன்றை இப்படிக் கொஞ்சி வளர்த்தாராம். அது அவர் தோளெலும்பை உடைத்தது. மிருக வைத்தியர் அதைக் கொல்ல ஊசி போடும்போது அதன் தலை தன் மடியில்தான் இருந்தது என்றார்.

இவனுக்குப் பனி கரையும் வரைக்கும் தவணை. திருந்தாவிட்டால் ஊசி.

"அப்ப நான் வேறு பட்டிக்குப் போய்விடுகிறேன்" என்றேன். கூடாதாம். நான் மறைந்தால் அவன் அடுத்த ஆளைப் பிடிப்பானாம். பழக்கியவனே பழக்கத்தை எடுக்க வேண்டுமாம். இன்று அவனை மூன்று கிழட்டுப் பெட்டைகளோடும் விதை எடுத்து நலமடித்த இரண்டு பெரிய ஆண்களோடும் விட்டோம். மரியாதையை அவை படிப்பிக்கும். நான் உள்ளே போக வேண்டும், வேலையைச் செய்ய வேண்டும், கதைக்கக் கூடாது. கிட்ட வந்தால் ஒரு பலகையை நடுவில் பிடித்து "அரியேர்", பின்னுக்குப் போ, என்று ஒரு காலை முன்னால் வைக்க வேண்டும். அடி இல்லை, ஏச்சு இல்லை, அப்பிளும் இல்லை.

அக்டோபர் 16

வந்தான். பலகையைப் பிடித்தேன். "ம்ம்" என்று முனகினான்.

அக்டோபர் 17

இன்றும் அப்படித்தான்.

அக்டோபர் 21

ஐயோ, என்ர குஞ்சு. பெட்டைகளில் ஒரு கிழவி பச்சைப் பச்சையாக அவன் முகத்தில் துப்பினாள். என்னிடம்தான் ஓடி வந்தான். வேற ஆரிட்டப் போவான்? பலகையைப் பிடிச்சன். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இமெல்டா கேட்டாள்: "அழுதனீங்களோ?"

"குளிர்" என்றேன்.

"ஒக்ரோபர்லயே?"

நவம்பர் 6

காலையில் கை தன்பாட்டில் அப்பிளை வெட்டிச் சட்டைப் பையில் போடுகிறது. கொடுப்பதில்லை. சாயங்காலம் கறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

ஜொய்சிக்குப் பெண் பிள்ளை. மூன்றரைக் கிலோ! தூக்கப் பயந்து தள்ளி நின்றேன். நிஷான்தான் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "பிடியுங்கோ மாமா." அக்டோபருக்குப் பிறகு அவன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை.

ஜொய்சி கட்டிலில் இருந்தே சிரித்தாள். "அப்பா, தாராளமாக் கொஞ்சுங்கோ. இது மனுசப் பிள்ளை."

கொஞ்சினேன். கண்ணீர் பிள்ளையைச் சுற்றிய துவாயில் விழுந்தது, யார் பார்த்தால் என்ன.

2025 பெப்ரவரி 3

மைனஸ் இருபத்திநாலு. கொட்டிலில் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. அவனும் நடுவில், துப்பிய கிழவியின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு. பலகையோடு நின்று பார்த்தேன். தலையைத் தூக்கினான். எழும்பவில்லை. சந்தோசப்பட வேண்டியவன் நான்.

மார்ச் 5, விபூதிப் புதன்

"தவக்காலத்துக்கு இந்த வருசம் என்னத்தை விடுறீங்கள்?" என்று கேட்டாள் இமெல்டா.

"நான் ஒக்ரோபர்லயே விட்டிட்டன்."

தேத்தண்ணியை வைத்துவிட்டு என் தலையை ஒருக்கால் தடவிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பனி எல்லாம் கரைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மிருக வைத்தியர் வருகிறார். சிலுவைப் பாதையில் ஒரு நிலைகூட மனதில் நிற்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வைத்தியர் முதலில் போனார். பட்டியைக் குறுக்காகக் கடந்தார், முதுகைக் காட்டி நின்றார். அவன் பார்த்தான், பிறகு வைக்கோலைச் சப்பினான். அடுத்தது நான் போக வேண்டும், பலகை இல்லாமல். நடுவில் போய் முதுகைக் காட்டி நின்றேன். பின்னால் காலடி கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். வாய் வரைக்கும் வந்த பெயரை விழுங்கினேன். காலடி என்னைக் கடந்து மற்ற அல்பாகாக்களிடம் போனது.

வைத்தியர் பெட்டியைத் திறக்கவே இல்லை. வயது வந்ததும் நலமடித்தால் போதுமாம். ஒரு வருடத்துக்குக் கவனமாக இருக்கட்டாம்.

சில்வி பதிவுக் கொப்பியை எடுத்தார். "பதினேழுக்கு இனிப் பெயர் வைக்கலாம். என்ன எழுத?" என்று என்னைக் கேட்டார்.

நீங்களே வையுங்கள் என்றேன்.

பையில் அப்பிள் துண்டு கிடந்தது. பாலத்தில் வரும்போது நானே தின்றேன்.