லேப்டாப்பக் கேக்காம நகராத பொட்டிக

ஏப்ரல் 7
சுல்தான்பேட்டை வந்து ஒம்பது நாளு. ராசப்பண்ணனோட கோழிக் கொட்டாய்ல இருபத்திநாலு சென்சார் பொட்டி மாட்டியாச்சு. ஒவ்வொண்ணும் சூட்டப் பாத்து அந்தக் கணக்க அடுத்த பொட்டிகிட்டத் தள்ளும். எது எதுகிட்டத் தள்ளோணும்னு என் லேப்டாப்புதான் சொல்லும். காலேஜ்ல இதுக்கு எஸ்.டி.என்.னு பேரு. இங்க எம்பேரச் சொல்லி 'ஜெஃபின் பொட்டி'. சூடு ஏறுனா கடைசிப் பொட்டிலிருந்து, கோழியப் பாத்துக்கற பொற்கொடியக்கா போனுக்கு மணி அடிக்கும், ஃபாக்கரப் போட்டுத் தண்ணி தூவுவாங்க.
இந்த பேட்ச் கோழி நல்லாப் போனா நாலு கொட்டாய்க்கும் மாட்டி, இங்கயே ரூம்ல இருந்து பாத்துக்கன்னாரு அண்ணன். படிப்ப உட்டவனுக்கு வேற போக்கிடம் ஏது?

ஏப்ரல் 12
அம்மா போன். ஈஸ்டருக்கு வாடாங்குது. நானில்லீனா இங்க எல்லாம் நின்னுபோயிரும்னேன். பெருமையாத்தான் சொன்னேன். சர்ச்சுல எந்த வருசம் படிக்கறேன்னு கேப்பாங்க — அதச் சொல்லல.

ஏப்ரல் 15
பேச ஆளில்ல. பதினேழாம் நம்பர் பொட்டியத் திட்டுனேன். சத்தமா.

ஏப்ரல் 17
நாப்பத்தொரு கோழி செத்துப்போச்சு.
மத்தியானம் டீ குடிக்கப் போனேன், லேப்டாப்பு ஹேங் ஆயிருச்சு. பொட்டிக எல்லாத்துக்கும் சூடு தெரிஞ்சிருக்கு. யாருகிட்டத் தள்ளறதுன்னு லேப்டாப்பக் கேட்டுக்கிட்டே நின்னிருக்கு. நாந்தான அப்படி எழுதுனேன். ஏன்? நானில்லாம ஓடக்கூடாதுன்னா?
"கோழிக வாயத் தொறந்து மூச்சு வாங்குனதப் பாத்தனுங்க தம்பி. மணியடிக்காம போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க"ன்னாங்க பொற்கொடியக்கா. கடைசில பொறுக்காம அவங்களே போட்டதாலதான் மிச்சம் பொழச்சுது.
ராசப்பண்ணன் கத்தல. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு, இல்லீனா கழட்டீருன்னாரு.

ஏப்ரல் 19
மாத்தியெழுதிப்போட்டேன். பத்து செகண்டுல லேப்டாப்பு பதில் சொல்லலீனா பழைய வழிலயே தள்ளீரும். அதுவும் அடைச்சிருந்தா, பக்கத்துல எது முழிச்சிருக்கோ அதுகிட்ட. இருவது நிமிச வேலை. அக்காகிட்டயும், மணிக்காகக் காக்காதீங்க, கோழியப் பாத்தே போடுங்கன்னேன்.
"இதுக்கு நாப்பத்தொண்ணு சாவோணுமாக்கும்"னு போயிட்டாங்க.

ஏப்ரல் 20
உச்சி வெய்யில்ல, அண்ணன் முன்னாலயே லேப்டாப்ப அணச்சேன். மணி அடிச்சுது. அக்கா தண்ணி தூவுனாங்க. ஒண்ணும் சாகல. நாலு கொட்டாய்க்கும் மாட்டீரலாம்னு அண்ணனுக்கு ஒரே சந்தோசம்.
"மாட்டிக் குடுத்துப்போட்டு நீ ஊட்டுக்குப் போ கண்ணு. அதும்பாட்டுக்கு ஓடுதே, எதுக்கு ஒரு ஆளு ஒக்காந்துக்கிட்டு?"
சரிங்ண்ணான்னேன். ரூமப் பத்தி அவரும் பேசல, நானும் கேக்கல.
சாயங்காலம் வரைக்கும் லேப்டாப்பு அணஞ்சேதான் கெடந்துச்சு. யாருங் கூப்புடல.