கன்னத்து நரம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே அம்மா சுகம், என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூணு மாசமாக நீ போன் பண்ணினால் அம்மாவிடமே கொடுத்துவிடுகிறேன், அப்பாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று நீ அழுதாயாம். கோபமில்லை கண்ணு. நாலு வார்த்தை பேசினால் இடது கன்னத்தில் கரண்ட் அடித்த மாதிரி வலி வெட்டி இழுக்கிறது. பல்தான் காரணமென்று நினைத்து நல்ல பல் ரெண்டைப் பிடுங்கியதுதான் மிச்சம். ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, மூளைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் முகத்து நரம்பை அழுத்திக்கொண்டு கிடக்கிறதாம்.

மாத்திரை போட்டால் வலி கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் தலை கிறுகிறுக்கிறது. போன வாரம் சலூனில் நம்ம தபால்காரருக்குக் கிருதா எடுக்கும்போது கண் இருட்டி, கத்தி அவர் காதோரம் இறங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் என் கையால் அப்படி ஒரு வெட்டு விழுந்ததில்லை. அவர் துண்டை அழுத்திக்கொண்டே, பரவாயில்லப்பா, முதல்ல நீ உட்காரு என்று எழுந்து தன் நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்தார். எதிர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் சவரம் செய்கிறவன் முகத்தில் ஒரு மாசத் தாடி, கத்தி பட்டால் வலி கிளம்புமே என்று விட்டது. கூசிப்போய்விட்டது எனக்கு.

இதற்கு ஒரு ஆபரேஷன் இருக்கிறதாம். காதுக்குப் பின்னால் எலும்பைச் சின்னதாகத் திறந்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒன்றை வைப்பார்களாம். பெரும்பாலும் வலி நின்றுவிடும், ஆனால் அந்தக் காது கேட்காமல் போகலாம், முகம் மரத்துப் போகலாம், அதைவிடப் பெரிதாகவும் ஏதாவது ஆகலாம், உங்ககிட்ட மறைக்க மாட்டேன் என்றார் டாக்டரம்மா. வேண்டாமென்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள், விடாமல் கேட்டால் உங்க தலை, நீங்கதான் சொல்லணும் என்கிறாள். பத்து நாள் யோசித்தேன். மாத்திரையோடு காலத்தை ஓட்டலாம், ஆனால் இந்தக் கையை நம்பி இனி யார் கழுத்தை நீட்டுவார்கள், நானே நம்பமாட்டேனே. நேற்றுப் போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாசம் பதினாலாம் தேதி. காதுக்குப் பின்னால் முடியை மழிக்கணும் என்றார்கள், உங்க ஆள் கை எப்படியோ, நானே மழிச்சிட்டு வந்துடறேனே என்றேன், நர்ஸம்மா சிரித்துவிட்டாள்.

நீ அந்த ஊருக்குப் போனதிலிருந்து இங்கே எது நடந்தாலும், நீ அலையாதே, நாங்க பார்த்துக்கறோம் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது கண்ணு. லீவு கிடைத்தால் வந்துவிடு.

நீங்கள் ரெண்டு பேரும் மனசு நிறைந்து நெடுநாள் வாழவேண்டும். வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பயம் என்று நான் எழுதியதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் அப்பா