ஒற்றை நட்சத்திர லெம்பேட்

பேசாலை,
தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு கழிந்த திங்கள்.

அன்பு மகன் நிறோஜனுக்கு,

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு வைத்திருக்கிறார் என்று போனில் உன் குரலைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன், இங்கே அப்பா சுகம், மாமி சுகம், நானும் சுகம், சுகமில்லாமல் கிடப்பது என்னுடைய மானம் ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல முகம் வராது. நேற்றுப் பூசையில் ஊர்ச்சனம் எல்லாம் முழங்காலில் நிற்க, போனுக்குள் இருக்கிற ஒரு வில்லுக்காரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சுவாமியாரை மன்றாட வைத்துவிட்டேன். பூசை கொடுத்தது நான். செத்தது ஒரு படம். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய், ஆனால் மதலேனா மாமி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், கண்ணில் புரை வெட்டிக் கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் இருக்கிறவருக்குக் காது இரண்டு மடங்காகிவிட்டது, நான் குசினியில் தேங்காய் திருவினால் பாதியா முழுதா என்று விறாந்தையில் இருந்தபடி சொல்கிறார். அதனால்தான் பழையபடி பேனையும் கடதாசியும். சுவிசில் இருந்து லீவுக்கு வந்த டிலோஜினி நாளைக்கு பேர்ணுக்குத் திரும்புகிறாள், உனக்கென்று கட்டிய கருவாட்டுப் பொதிக்குள் இதை வைத்துவிடுகிறேன், மணத்தைப் பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வாசி.

நீ இந்தப் போனை அனுப்பியபோது நேரம் போகும் அம்மா என்று சொல்லி அந்தக் கல் விளையாட்டையும் போடச் சொன்னாய், தாராபுரத்தில் போன் கடை வைத்திருக்கிற ஜுனைதீன் தம்பி போட்டுத் தந்தான். நீ விளையாடுகிறவன் இல்லை, ஆகையால் விளங்கச் சொல்கிறேன். பல நிறக் கற்கள் பெட்டி நிறையக் கிடக்கும். ஒரே நிறத்தில் மூன்றை ஒரு வரிசையில் சேர்த்தால் உடையும், உடைகிற கல்லின் பலம் அதே நிறத்துச் சண்டைக்காரனுக்குப் போகும், அவன் எதிரே நிற்கிற பேயை அடிப்பான். இவ்வளவுதான். எனக்கென்ன, சின்ன வயதில் இருந்து கரையில் மீன் தெரிந்தெடுத்த கை, சூடை ஒரு பக்கம் காரல் ஒரு பக்கம் என்று பேச்சுப் பராக்கிலேயே பிரிப்பவள், ஆனால் அங்கே பிரித்துப் பிரித்துக் கடைசியில் நாறுவது நான், இங்கே மூன்றைச் சேர்த்தால் கிலுங் என்ற சத்தத்தோடு தானாகவே மறைந்து போகிறது, உப்பும் வேண்டாம், காகம் கலைக்கவும் வேண்டாம். அதோடு இடிந்த ஊர் ஒன்றைத் திரும்பக் கட்டுகிற வேலையும் இருக்கிறது. சுத்தியலில் விரலை வைத்தால் ஒரு தேத்தண்ணி குடிப்பதற்குள் மதிலும் மாடியும் எழும்பி நிற்கும், ஊர் விதானை கையெழுத்துக் கேட்பதில்லை, அத்திவாரத்தைப் படம் பிடிக்க ஒருத்தரும் வருவதில்லை. நாங்கள் மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்து தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டு வீட்டுத் திட்டத்துக்கு அலைந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் கோபத்திலேயே நான் அங்கே ஒரு கோட்டை கட்டி முடித்தேன். "இவ்வளவு காலமும் சண்டைக்குப் பயந்து ஓடினனீ, இப்ப போனில மணி வைச்சுச் சண்டைக்குப் போறாய்" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் மகன், இந்த விளையாட்டைச் செய்தவனை எங்கள் கரையில் கட்டிவைத்து நுளம்புக் கடிக்குக் கொடுக்கவேண்டும். சிவப்புக் கல்லுக்குக் காத்து நிற்கும்போது ஊதாவாகக் கொட்டும். பேய்க்கு உயிர் ஒரு நூல் மிச்சம் இருக்கும்போது உன் சத்து முடிந்தது, பொறுத்து வா என்று சொல்லும். ஆள் எடுக்கிற பெட்டி என்று ஒன்று, நாட்கணக்காகக் கல் உடைத்துச் சேர்த்துத் திறந்தால் வெளிச்சமும் மேளமுமாக ஏதோ அரசன் வரப்போவது போல ஆரவாரம் செய்து, கடைசியில் பச்சைத் தொப்பி போட்ட ஒற்றை நட்சத்திர வில்லுக்காரன் ஒருத்தன் வந்து பல்லைக் காட்டுவான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அவன்தான். இப்படி வருகிற உதவாக்கரைகளை என்ன செய்வது என்றால், நல்ல சண்டைக்காரனுக்குத் தின்னக் கொடுப்பது. பகிடி இல்லை, ஒருத்தனைத் தின்றால் மற்றவனுக்குப் பலம் ஏறும். ஆசையாக வளர்க்கிற ஆளைத் தவறிக் கொடுத்துவிடாமல் இருக்க மேலே ஒரு சின்னப் பூட்டுப் போட்டு வைக்கலாம், என் நீலக் குதிரைக்காரிக்கு நான் போட்டிருக்கிறேன், அந்தப் பூட்டை நாங்களே கையால் கழற்றினால் ஒழிய அவளைத் தின்னக் கொடுக்க விளையாட்டு விடாது. மற்றவர்களை நான் காலைத் தேத்தண்ணியோடு முடித்துவிடுவேன். பச்சைத் தொப்பிக்காரர் மட்டும் என் கையால் ஒரு பட்டாளம் போயிருப்பார்கள்.

மாதர் சங்கத் தலைவி பதவிக்குக் கேட்டு என்னுடைய சொந்த வாக்கு ஒன்றோடு தோற்றவள் நான், அது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும், ஊர்க்கதை காவுகிற றஞ்சிதத்தின் புண்ணியத்தில் திருக்கேதீஸ்வரத்துக்கு அந்தப் பக்கமும் தெரியும். இந்த விளையாட்டிலும் சங்கம் இருக்கிறது, இதற்கு நான்தான் தலைவி, போட்டிக்கு ஆளில்லை. பெயர் பேசாலைப் படை. ஜுனைதீன், மதலேனா மாமி, ஊர்ப் பெண்பிள்ளைகள் கொஞ்சப் பேர். கிழமைக்குக் கிழமை வேறு சங்கங்களோடு போர். கிழமைக்குக் கிழமை தோல்வி. காரணம் லெம்பேட்.

மாமியின் மகன் லெம்பேட்டைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, உன்னைத் தோளில் ஏற்றித் திருவிழாக் காட்டியவன். முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போனான், சண்டை முடிந்து எல்லாரும் திரும்பி வந்து கூரை போட்டார்கள், அவன் வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கோ அம்மா, உதவி கிடைக்கும் என்று கந்தோரில் இருந்து வந்து சொன்னவர்களிடம் மாமி, "ஆள் சாகாமல் துண்டு எப்பிடித் தம்பி வரும்" என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். முதல் வெள்ளி தோறும் அவன் சுகமாகத் திரும்பி வரவேண்டும் என்று பூசை கொடுப்பார், செத்தவர்களோடு சேர்த்து அவன் பெயரை வாசிக்க ஒருநாளும் விட்டதில்லை. அப்படிப்பட்ட மாமி, ஆட்களுக்கு விரும்பின பெயர் வைக்கலாம் என்று ஜுனைதீன் காட்டிக் கொடுத்த அன்று, தனக்கு முதல் வந்த பச்சைத் தொப்பிக்காரனுக்கு லெம்பேட் என்று பெயர் வைத்துவிட்டார். வைத்தால் வைக்கட்டும், பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம்தானே, ஒவ்வொரு போருக்கும் அவனை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவார். முதல் அடியிலேயே விழுவான். "உங்கட மச்சாளின்ர லெம்பேட்டோட போருக்குப் போறதுக்கு நாங்கள் பேசாம வீட்ட இருக்கலாம் அக்கா" என்று ஜுனைதீனே அலுத்துவிட்டான். நான் நல்லவிதமாகத்தான் எடுத்துச் சொன்னேன், "அவனை உங்கட பெட்டியில இருக்கிற கொம்புக் கிழவனுக்குத் தின்னக் குடுங்கோ மச்சாள், சங்கத்துக்கு நல்லது" என்று. மாமி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "உன்ர பிள்ளை பேர்ணில இருக்கிறான் றோசு, நீ ஆரையும் தின்னக் குடுப்பாய்" என்று சொல்லிப் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். ஒரு கிழமை என்னோடு கதையில்லை. தலைவிக்கு எதிராகச் சங்க உறுப்பினர் இப்படிக் கதைக்கலாமோ என்று நீயே சொல்லு.

அதற்குள் கண் வெட்டுகிற நாள் வந்துவிட்டது. கிளினிக் வரும் வரைக்கும் போன் பார்க்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட, ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடும்போது மாமி தன் போனை என் கையில் வைத்து, "லெம்பேட்டைப் பார்த்துக்கொள்" என்றார், பிள்ளையைத் தருவது போல. நானும் பார்த்துக்கொள்ளத்தான் இருந்தேன். அன்று போர் நாள். மாமியின் ஆட்களுக்கும் கொஞ்சம் பலம் ஏற்றிவிடுவோம் என்று உட்கார்ந்தேன், உதவாதவர்களை எல்லாம் ஒன்றாகப் பொறுக்கிக் கொடுக்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது, அதில் கை பட்டுவிட்டது. கை தவறுவது ஆருக்கும் நடக்கும், மீன் வெட்டி வெட்டித் தடித்த விரல், அந்தப் பொத்தானோ நெத்தலிக் கண்ணளவு. பிழை பொத்தானில்தான் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். கிழவன் வாயைத் திறந்தான், பச்சைத் தொப்பி உள்ளே போனது, கிழவனுடைய பலக்கோடு ஒரு மயிரளவு ஏறியது. அந்தப் போரிலும் தோற்றோம்.

பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். அதே முகத்தோடு வேறு ஒருத்தனை எடுத்துப் பெயர் வைத்துவிட்டால் மாமிக்குத் தெரியவா போகிறது என்று மாமியின் போனில் பெட்டி பெட்டியாகத் திறந்தேன். இவ்வளவு நாளும் வேண்டாம் வேண்டாம் என்று வந்து பல்லைக் காட்டியவன், வேண்டும் என்றதும் வரவில்லை. நெருப்புக் கோழியில் ஏறின ஐந்து நட்சத்திர ராணி வந்தாள், இவளுக்காக நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து அழுதேன். அப்பா பயந்துபோய் ஆர் மோசம் போனது, எப்ப அடக்கம் என்று கேட்டார். அந்தப் புத்தியோடுதான் சுவாமியாரின் மிசன் வீட்டுக்குப் போனேன், என்னைப் பெற்ற அப்புவின் ஆண்டுப் பூசைக்குச் சொல்ல. ஆற்ற பேருக்கு அக்கா என்று எழுதுகிறவர் கேட்டார், சவரிமுத்து என்று சொல்லவேண்டிய வாய் லெம்பேட் என்று சொல்லிவிட்டது. சொன்னது எனக்கே தெரியாது. சுவாமியார் வாசித்தபோதுதான் தெரிந்தது. அப்பு பாவம், உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குத் தன் முறை வந்துவிட்டது என்று எழும்பி நின்றிருப்பார், அவரை ஒரு பச்சைத் தொப்பி முந்திவிட்டது.

மாமி என் பக்கத்தில்தான் இருந்தார். லெம்பேட் என்பவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று கேட்டதும் கோயிலில் தலைகள் எல்லாம் நாங்கள் இருந்த வாங்குப் பக்கம் திரும்பின. "மதலேனா கடைசியா மனம் தெளிஞ்சிட்டா" என்று றஞ்சிதம் குசுகுசுத்தது பாட்டுக்காரரையும் தாண்டிக் கேட்டது. பின்னேரமே சீனியும் விசுக்கோத்தும் கொண்டு துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள், மாமி கண்ணாடியைக் கழற்றாமல், "வீடு மாறி வந்திட்டியள் பிள்ளையள்" என்று சொல்லிப் படலை வரைக்கும் தடவித் தடவிக் கொண்டுபோய் விட்டார். விசுக்கோத்தை மட்டும் அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் போனபின் மாமி, ஆர் குடுத்த பூசை என்று என்னைக் கேட்டார். "இந்த ஊரில லெம்பேட்டுக்கு என்ன பஞ்சம் மச்சாள், ஆற்றையோ லெம்பேட்" என்றேன். "ஓம், அது வேற லெம்பேட்" என்றார். அதே மூச்சில், "எங்கட ஆள் இண்டைக்கு எத்தினை பேரை விழுத்தினவன்" என்று கேட்டார்.

மாமி கண் வெட்டி வந்த நாள் முதல் இதுதான் மகன் என் தண்டனை. ஒவ்வொரு காலையும் அவனுடைய செய்தி சொல்லவேண்டும். ஒரு பேயை விழுத்தினான் என்பேன், பாலத்தைக் காத்தான் என்பேன், ஒரு நாள் சும்மா இருக்க மாட்டாமல் காலில் சின்னக் காயம் என்று சொல்லிவிட்டேன், மாமி அன்று சோறே தொடவில்லை, மறுநாள் விடியவே காயத்தைச் சுகமாக்கினேன். நேற்று, "அவனுக்குத் தின்னக் குடுத்தனியோ" என்று கேட்டார், மற்றவர்களை அவனுக்குக் கொடுத்துப் பலம் ஏற்றினாயோ என்று அர்த்தம். "ஓம் மச்சாள், தின்னக் குடுத்தனான்" என்றேன். அவனுக்கு என்று கேட்டார், அவனை என்று நான் சொல்லவில்லை, ஒரு சொல்லை விழுங்கினேன், அவ்வளவுதான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய அளவுக்கு அதில் பொய் இல்லை என்று நினைக்கிறேன்.

குருத்து ஞாயிறுக்கு முன் கிளினிக். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றியதும் மாமி முதல் கேட்கப்போவது போனை. அதற்குள் நீ அந்தக் கொம்பனிக்கு அவர்களுடைய பாஷையில் எழுதி லெம்பேட்டைத் திரும்ப வாங்கித் தரவேண்டும். வேறு ஆளைத் தந்தால் சரிவராது, அவன் வளர்ந்த அளவு, அவன் பெயர், எல்லாம் அப்படியே வேண்டும். தின்றவனின் வயிற்றில் இருந்து எடுத்துத் தருவார்களாம், ஜுனைதீன் சொன்னான், எழுதுகிற விதத்தில் எழுதினால். ஊரில் எத்தனை கந்தோர் ஏறியும் கிடைக்காத ஒரு லெம்பேட்டை நீ இருந்த இடத்தில் இருந்து வாங்கித் தரலாம் என்றால் அதைவிட உன் படிப்புக்கு என்ன பெருமை. என்மேல் பிழை வராத மாதிரி எழுது, கை தவறியது என்று எழுது.

குளிருக்குள் தொப்பி இல்லாமல் திரியாதே, நீ அனுப்பிய படத்தில் நெற்றி ஏறிக்கொண்டு போகிறது, உச்சியை அடைவதற்குள் கலியாணத்துக்கு ஓம் சொல்லு. ஞாயிறுப் பூசையை விடாதே, விட்டாலும் விட்டதாக அப்பாவிடம் சொல்லாதே. மாமியோடு போனில் கதைக்கும்போது லெம்பேட் நல்லாச் சண்டை பிடிக்கிறானாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் சொல்வதைவிட நீ சொன்னால் நம்புவார். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும், வானத்துச் சம்மனசுகள் எல்லாம் உன் பாதையில் முன்னே நடக்கட்டும்.

உன் கடிதத்துக்குக் கண் வைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
றோஸ்மேரி பெனடிக்ற்

எழுத மறந்துபோனேன். அந்த ஆளுக்குப் பூட்டுப் போட்டிருந்ததோ என்று கொம்பனிக்காரர் முதல் கேட்பார்களாம், ஜுனைதீன் சொன்னான். ஓம், மாமி போட்டிருந்தார்.