கீழ்வீட்டில் ஆறிய தேநீர்

எசன், ஜெர்மனி, 1 மார்ச் 2006

கீழ்வீட்டு லீயா அம்மையார், வழக்கம்போல், தேநீரை இரு கைகளாலும் ஏந்தித் தந்தார். இந்நாட்டில் வேறெவரிடமும் காணாத மரியாதை. பின்பு தம் இளமையைச் சொன்னார். யூதப் பெண் என்பதை மறைத்து, பொய்ப் பெயரில், நாஜி அதிகாரி ஒருவன் வீட்டில் வேலைக்காரியாக இருந்தாராம். உணவு மேசையில் கேட்டவற்றையெல்லாம் நாஜிகளை எதிர்த்த இரகசியப் படைக்கு அனுப்பினாராம்.

"நான் உளவாளி," என்றார்.

கோப்பையைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். வாய் கொப்பளித்தும் அருவருப்புத் தீரவில்லை.

2 மார்ச்

ஒற்றரை அரசரின் கண் என்று பழம்பாடல்கள் புகழும். பாடியவர்களின் தம்பியை எவனும் காட்டிக்கொடுக்கவில்லை போலும். இலங்கையில், இராணுவம் எங்கள் ஊராரை வரிசையில் நிறுத்தியபோது, தலையாட்டி என்று நாங்கள் சொல்லும் முகமூடிக்காரன் ஒருவன் தலையை அசைத்தான். என் தம்பி இராசலிங்கத்தை இராணுவம் ஏற்றிச் சென்றது. இருபது ஆண்டுகளாகத் திரும்பவில்லை. இன்று பதிகம் நாவில் நிற்கவில்லை.

6 மார்ச்

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மகளிர் விழாவில் பேச லீயாவை அழைக்கச் சொன்னவளே நான். செயலாளர் சிறீதரனிடம் உண்மையைக் கூறினேன். சிரித்தார்.

"தலையாட்டியையோ அக்கா மேடையில ஏத்தப் பாத்தனீங்கள்? வரவேண்டாமெண்டு நீங்களே சொல்லிவிடுங்கோ. அந்த அதிகாரியின்ர வீட்டில அவ என்னென்ன வேலை செய்தாவோ, ஆருக்குத் தெரியும்?"

எண்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றி. என்ன நாக்கு அது!

நானோ தலையசைத்தேன்.

7 மார்ச்

தலையசைத்தேன். சீ.

9 மார்ச்

வரவேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். லீயா, விழாவுக்கென்று நீலச் சட்டையைத் தேய்த்துக் கதவில் தொங்கவிட்டிருந்தார். தம்பியைப் பற்றிச் சொல்லி, "நீங்கள் யாரைக் காட்டிக்கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். கேட்கலாமா? கேட்டுவிட்டேன்.

பிடிபட்டபோது நால்வரை முன்னே நிறுத்தி, உன் கூட்டாளி யார் என்றார்களாம். நால்வரில் ஒருத்தி அவருடைய தமக்கை.

"கழுத்தைக்கூட நான் அசைக்கவில்லை," என்றார்.

வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக முறித்தார்களாம். அந்தக் கையால் மட்டும் ஒரு கோப்பையைத் தூக்க அவருக்கு இன்றும் இயலாது; இடக்கையும் சேர்ந்து தாங்க வேண்டும்.

மரியாதை என்றல்லவா எண்ணியிருந்தேன்.

12 மார்ச், ஞாயிறு

மண்டபத்திலிருந்து சிறீதரன் அழைத்தார். "அக்கா, கடவுள் வாழ்த்துப் பாட நீங்கள் இன்னும் வரேல்லையே. சனம் காத்துக்கொண்டு நிக்குது."

"ஏலாது தம்பி. லீயா அம்மாவை வேண்டாமெண்ட மேடையில நான் பாடமாட்டன். நான் கீழ்வீட்டில நிக்கிறன். ஏனெண்டு கேக்கிற எல்லாருக்கும் காரணத்தை நானே சொல்லுவன்."

லீயா நீலச் சட்டை அணிந்திருந்தார். தேநீர் தந்தார்.

இரு கைகளாலும் வாங்கினேன்.