சீமாட்டிக்குத் தம்பி இல்லை

என்னைத் தூக்கி வளர்த்த பெரியக்காவுக்கு,

நீங்கள் போய் இருபத்தைந்து நாளாகிறது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு மலரை நான்தான் தயாரிக்கிறேன். படித்தவன், பிழையில்லாமல் எழுதுவான் என்று சொந்தக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். தேவாரம், குடும்ப வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். அவற்றோடு உங்கள் கதையையும் போடுவதென்று முடிவெடுத்தேன்.

போன மாரியில் கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னீர்களே. “தம்பி, ஒரு கதை எழுதிறன். கருங்கல் மாளிகை, விடியாத பனிக்காலம். கண்ணாடியளுக்குள்ள செத்த ஆக்கள் நடந்து திரியினம். அங்க ஒரு சீமாட்டி. அவவைத் தங்கச்சி காட்டிக்குடுக்கிறா.” எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருடம் வாய் திறக்காதவர் கடைசியில் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மலரை வாசிக்கிறவர்களுக்காக நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் நீங்கள் விரும்பியவரோடு பதிவுத் திருமணம் செய்யப் புறப்பட இருந்த காலை, உங்கள் தங்கச்சி, என் சின்னக்கா, அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா உங்களை அறைக்குள் வைத்துப் பூட்டினார். அந்த மனிதர் பதிவுக் கந்தோர் வாசலில் மத்தியானம் வரை நின்றுவிட்டுப் போனார். நீங்கள் பிறகு கலியாணமே செய்யவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பூட்டிய கதவுக்கு வெளியே இருந்து அழுதேன்.

பிறகு ரொறன்ரோ வந்து, அஜின்கோர்ட்டில் அதே சின்னக்காவோடு இருபது வருடம் இருந்தீர்கள். நீங்கள் இருக்கும்வரை அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. உங்களைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப்போக, நான் இருக்கும் ஸ்ரௌவ்வில்லிலிருந்து வந்து, டிரைவ்வேயில் காரை நிறுத்தி ஹோன் அடிப்பேன். நீங்கள் பனிச்சப்பாத்தோடு, வழுக்காமல் மெல்ல மெல்ல நடந்து வருவீர்கள். கையைப் பிடிக்கக்கூட நான் இறங்கவில்லை. உங்கள் செத்தவீட்டிலும் சின்னக்காவும் நானும் எதிரெதிர்ச் சுவரோரம் நின்றோம்.

மலருக்கு ஒரு முன்னுரையும் எழுதி வைத்திருந்தேன். ‘காட்டிக்கொடுத்த தங்கை கற்பனைப் பாத்திரம் அல்ல’ என்பது அதன் முதல் வரி. மண்டபத்தில் எல்லாரும் அதை வாசித்துவிட்டுத் திரும்பி யாரைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கதை மட்டும் கையில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். சின்னக்காதான் கதவைத் திறந்தார்.

“அக்கா கதை எழுதின கொப்பியளைத் தாங்கோ” என்றேன்.

“கொப்பி என்னத்துக்கு? அவவின்ர எழுத்து உனக்கு விளங்காது. நான் முழுக்க ரைப் பண்ணி வைச்சிருக்கிறன்.”

“நீங்களோ?”

“வேற ஆர்? சனிக்கிழமையில அவ சொல்லச் சொல்ல அடிச்சது. காட்டிக்குடுக்கிற அத்தியாயத்தை மூண்டு தரம் மாத்துவிச்சவா. ‘பொறடி, உன்னை இன்னும் கொஞ்சம் கெட்டவளாக்க வேணும்’ எண்டு சிரிப்பா.”

“அதை அடிக்கேக்க உங்கட மனசுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?”

“செய்யாமல்? பதினாறு வயசு. அப்பா பெல்ட்டோட நிண்டு கேட்டார், சொல்லிப்போட்டன். அதை அவவிட்ட எத்தினை தரம் அழுது சொல்லியிருப்பன். நீ ஒருக்காலும் கேக்கேல்லையே.”

குசினி மேசையில் இருந்தே வாசித்தேன். சீமாட்டி தப்பிப்போக இருந்த மறைகதவைத் தங்கை காட்டிக்கொடுக்கிறாள். சீமாட்டியைக் கண்ணாடிக்குள் அடைத்துவிடுகிறார்கள். நான் அறிந்திருந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நாற்பது பக்கம் இருந்தது. தங்கை ஓடிப்போகவில்லை. கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அங்கேயே கிழவியாகிறாள். கடைசிப் பக்கத்தில், பார்வை போன கண்ணோடு கண்ணாடியைத் துடைக்கிறாள். உள்ளேயிருந்து சீமாட்டி அதே இடத்தில் கை வைக்கிறாள்.

திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். காவலர் இருக்கிறார்கள், பாதிரியார் இருக்கிறார், நொண்டிக் காகம்கூட இருக்கிறது.

“இதில தம்பி எண்டு ஒருத்தனும் இல்லையே?”

“நானும் கேட்டனான். ‘அவனைப் போட்டா முதல் அத்தியாயத்திலயே கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டிடுவான், பிறகு ஆர் போய்க் கூட்டிவாறது’ எண்டவா.” சிரித்துக்கொண்டு சொன்ன சின்னக்கா என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, தேத்தண்ணி வைக்க எழுந்தார்.

அது பகிடியா அக்கா? கோப்பிக் கடையில் சின்னக்காவின் பேச்சை நீங்கள் எடுக்கும்போதெல்லாம் நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். என்ன சொல்ல வந்தீர்கள்? இவ்வளவு காலமும் உங்களுக்காகத்தான் கோபித்திருந்தேன் என்று நினைத்தேன். அப்படி ஒரு கோபத்தை நீங்கள் என்னிடம் எப்போதாவது கேட்டீர்களா?

முன்னுரையைக் கிழித்துவிட்டேன். அந்த இடத்தில் இந்தக் கடிதம் வரும். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் சின்னக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “என்னைப் பற்றி எழுதிறதெண்டா எழுது. கதையை மட்டும் வெட்டாமல் போடு” என்றார். வெட்டாமல் போடுகிறேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என்னால் ஒரு வாக்குத்தான் தர முடியும். இனி யாரோடு கோபித்தாலும் உங்கள் பெயரைச் சொல்லிக் கோபிக்க மாட்டேன்.

உங்கள் கதைக்குள் வராத,
உங்கள் தம்பி