பழையது கழன்று போகும்போது

ஒக்டோபர் 11, புதன்
காலையிலிருந்து தூறல். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வரும் பஸ் தாமதம். கம்பளை டிஸ்பென்சரிக்கான நோயாளர் பதிவு மென்பொருள், புதிய பதிப்பு, சீடியில் தயார். வெறும் கணினியில் மூன்று தடவை ஏற்றிப் பார்த்தேன். மூன்றும் சரி. ஏற்றுவது, கழற்றுவது, குறித்து வைப்பது: இதுதான் என் வேலை. ஒன்பதாம் ஆண்டோடு நின்றவளுக்கு வேலை தந்தவர் சுகந்தி அக்கா. யாழ்ப்பாணம். மென்பொருள் எழுதி, ஏற்றத் தயாராகச் சீடியில் பொதி கட்டுவது அவர்.
"நீ கதைக்காட்டாலும் பரவாயில்லை. வடிவாப் பாக்கிறாய், அது காணும்," என்பார்.

ஒக்டோபர் 12, வியாழன்
வெயில். சுகந்தி அக்கா எட்டு மணிக்கே சீடியோடு கம்பளைக்கு. எனக்கு வேலை இல்லை. பழைய பதிப்பு கிடந்த கணினியில் எங்கள் தோட்டத்து லயத்து ஆட்களை நோயாளர்களாகப் பதிந்தேன். (ராணி மாமி, இருமல். கங்காணி, வயிற்றுவலி.) அதன் மேல் புதியதை ஏற்றினேன். ஒரு பெயரும் இல்லை.
மறுபடி. மறுபடியும் இல்லை.
புதியது ஏறிய பிறகுதான் பழையது கழன்று போகிறது. மென்பொருளையே ஒரேயடியாக நீக்குகிறார்கள் என்று நினைத்து, பதிவுகளையும் அழித்துவிட்டுப் போகிறது. வெறும் கணினியில் அழிக்க ஒன்றுமில்லை, அதனால் தெரியவில்லை.
கம்பளையில் டொக்டரின் இத்தனை வருடப் பதிவு. யாருக்கு எந்த மருந்து ஒத்துவராது என்பதும் அதில்தான்.
அக்காவிடம் போன் இல்லை. டிஸ்பென்சரிக்குத்தான் கோல் எடுக்க வேண்டும். தெரியாத ஆளிடம் பேசியதே இல்லை. ரிசீவரை இரண்டு தடவை எடுத்து வைத்தேன்.
"சத்தமாப் பேசுங்க மகள், கேக்குதில்ல," என்றார் டொக்டர்.
"சீடியப் போட வேணாங்க! அக்காகிட்ட சொல்லுங்க!" கத்திவிட்டேன்.
"அவங்க இன்னும் வரவே இல்லையே."
சந்தோஷம். பிறகு பயம்: எட்டு மணிக்கே போனவர் எங்கே?

மாலை: அக்கா திரும்பினார். டொக்டர் சொன்னதால் சீடியைப் போடவில்லை. ஆனால் போகும் வழியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பஸ்ஸிலிருந்து இறக்கி இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்பாட்டியிருக்கிறார்கள்.
"நல்லதாப் போச்சுக்கா." அந்தத் தாமதத்தில்தான் என் கோல் முந்தியது என்று நினைத்து, வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்தேன்.
அக்கா சிரித்தார். "ஓமடி, அவங்களுக்கொரு நன்றிக் கடிதம் போடுவம்."
பிறகு வெகுநேரம் முகம் கழுவினார்.

ஒக்டோபர் 13, வெள்ளி
மழை. பிழை பழையதில். அது ஏற்கனவே கம்பளையில் இருக்கிறது, திருத்த முடியாது. ஆகவே அக்கா மாற்றி எழுதினார்: புதியது முதலில் பதிவுகளை வேறிடத்தில் ஒதுக்கி, பழையது போனபின் திரும்ப வைக்கும். பத்துத் தடவை ஏற்றினேன். பத்திலும் ராணி மாமி இருந்தார்.
அக்கா என்னைத் திட்டவே இல்லை. கடவுளே, நன்றி.

ஒக்டோபர் 16, திங்கள்
மேகமூட்டம். கம்பளைக்கு இருவரும். ஏற்றினோம். டொக்டர் ஒரு பெயரைத் தட்டினார். வந்தது. "பென்சிலின் கூடாது" என்ற வரியோடு வந்தது. இன்னொரு பெயரையும் தட்டச் சொன்னேன்.
திரும்பும்போது அதே சாவடி. என் அட்டையில் தோட்டத்து முகவரி, பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அக்காவை இறக்கினார்கள். நானும் இறங்கினேன்.
"நீயேன் இறங்கினனீ? பஸ் விட்டிட்டுப் போயிடும்."
"போகட்டும்க்கா."
போய்விட்டது.