முக்காட்டோடு உறங்குகிறேன்

மொகோட்லோங் மலை
பனி விழுந்த மறுநாள்

அன்புள்ள மொலெஃபிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆடுகளும் நலம். நீங்கள் அனுப்பிய மேலங்கி உங்கள் அம்மாவுக்குத் தோளில் சற்று இறுக்கம். ஆனாலும் கழற்றுவதில்லை. உங்கள் தங்கை மமெலோ இந்த ஆண்டும் மணமகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உங்கள் சித்தப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. குரல் மட்டும் குறையவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சிக்னல் கிடைக்கும் பாறையில் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள். அதனால் கடிதம். சுரங்கத்துக்குத் திரும்பும் ரமைலியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன முறை பேசியபோது, "கல்லு மாதிரி தூங்குறேன், படுத்தா விடிஞ்சாதான்" என்றீர்கள். சுரங்கத்தில் பாறை சரிந்த பிறகு கண்ணே மூடாமல் கிடந்தவர் நீங்கள். எனக்கும் நிம்மதிதான். கனவு வருமா என்று கேட்டேன். "கனவா? ரெண்டு இழுப்பு, விளக்கை அணைச்ச மாதிரி. அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்றீர்கள். சிரித்தீர்கள்.

நம் சோளத்துக்கு நடுவே வளர்ந்த கஞ்சாவாகக்கூட இருக்கலாம் அது. மலை இறங்கி, எல்லை தாண்டி, யார் யார் கையிலோ மாறி, உங்கள் வாய்க்கு வந்திருக்கலாம்.

இனி நான் எழுதப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள்.

மாமா வருகிறார்.

உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது அவர் பெயரை நான் சொன்னதில்லை. இறந்த பிறகும் சொல்வதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். அந்தப் பெயரின் ஓசை கலந்த சொற்களைக்கூட மருமகள் வாயில் எடுக்கக் கூடாது என்று, கல்யாணமாகி வந்த புதிதில் மமெலோ எனக்கு மாற்றுச் சொற்கள் கற்றுக்கொடுத்தாள். தீக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று. ஒரு சின்ன மொழி. அதைப் பேச ஒரே ஓர் ஆள்தான் எதிரே வேண்டும். அவர் போனதும் அந்த மொழி எனக்குள் வேலையில்லாமல் கிடந்தது.

கனவில் நம் வீட்டுக்குச் சுவர் இல்லை. கதவு மட்டும் நிற்கிறது. வெளியே பனி. அது விழுவதில்லை, தரையிலிருந்து மெல்ல மேலே போகிறது. அவர் போர்வை இல்லாமல் நிற்கிறார். முறைப்படி என் முகத்தைப் பார்ப்பதில்லை. கதவின் கீலைப் பார்த்துப் பேசுகிறார்.

"குளிருதுன்னு என் பையன்கிட்ட சொல்லணும். அவன்கிட்டதான் போனேன். சாத்தியிருக்கு. தட்டினேன். உள்ள ஆள் இருக்கான். அவனுக்குக் கேக்கல."

அவ்வளவுதான். பிறகு பனியோடு சேர்ந்து மேலே போய்விடுகிறார்.

முதல் தடவை விழித்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். என் தலை திறந்திருந்தது. மாமனார் எதிரே, தோள்கூட மூடாமல். மறுநாளிலிருந்து தலைத்துணி கட்டி, போர்வையைத் தோளில் ஊசி குத்திக்கொண்டு படுக்கத் தொடங்கினேன். விருந்தாளிக்குக் காத்திருப்பவள் எப்படித் தூங்குவாள்? கூரைப் புல்லை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பல்கலைக்கழகம்வரை போனவள் கனவுக்கு முக்காடு போடுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். பகலில் எனக்கும் சிரிப்பு வருகிறது.

அம்மா பார்த்துவிட்டார். "ராத்திரியில யாருக்கும்மா இந்த அலங்காரம்?" என்றார். மமெலோ குறுக்கே விழுந்து, "அண்ணி தூக்கத்துலயும் கல்யாண வீட்டுக்குப் போறாங்க. நமக்குத்தான் அழைப்பு இல்ல" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் என் வாசலில் வேற்று ஆளின் காலடித் தடம் தேடினார். பனியில் தடம் தெளிவாகவே விழும். என் தடம் மட்டும்தான் இருந்தது. அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் கணவர் இரவில் என்னிடம் வருகிறார் என்றா?

கண்ணுக்குக் கீழே கருத்துப்போனதைப் பார்த்து மமெலோதான் ஒரு கஞ்சாச் சுருட்டு கொண்டுவந்தாள். "ஒரு இழுப்பு போதும் அண்ணி. பால் குடிச்ச குழந்தை மாதிரி தூங்கிடுவீங்க." தூங்கினேன். அதைத் தூக்கம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. இரவில் ஒரு துண்டை யாரோ வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் ஒட்டிவைத்தது போல. படுத்தேன், எழுந்தேன். நடுவில் நான் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. சில நாட்களில் ஒரு இழுப்பு போதவில்லை. பிறகு இரண்டும் போதவில்லை.

கிளினிக்கில் செவிலியிடம் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவள் மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "சீக்கிரம் தூங்க வைக்கும், நெசம்தான். ஆனா கனவு காணுற தூக்கத்தை அது தின்னுடும். போகப்போக அதிகமா கேக்கும். நிறுத்தினா கொஞ்ச நாள் தூக்கமே வராது. வந்தாலும், தேக்கி வெச்ச கனவெல்லாம் ஒண்ணா உடைச்சிக்கிட்டு வரும். அப்புறம் தானா அடங்கும். பயப்படாதே."

திரும்பி வரும் வழியில் தோன்றியது. மாமா என் கதவையும் தட்டியிருப்பார். எனக்கும் கேட்டிருக்காது.

நிறுத்தினேன்.

தூங்காத இரவுகள் திரும்ப வந்தன. அப்போதுதான் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "உன் அடுப்பு சூடா இருக்கு, என் முட்டிக்கு நல்லது" என்றார். காவல் என்று இருவருக்கும் தெரியும். அன்று அயர்ந்துவிட்டேன். மாமா வந்தார்.

காலையில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர்தானே?"

நான் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"தூக்கத்துல பேசின. தீக்கு மருமக சொல்லு சொன்ன. மாட்டுக்கும் மருமக சொல்லு சொன்ன. அந்தப் பேச்சை நீ ஒரே ஒரு மனுஷன் முன்னாலதான் பேசுவ."

பிறகு சின்னக் குரலில், "என்கிட்ட ஏன் வரல?" என்றார்.

மொலெஃபி, அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அடக்கத்தன்றுகூட. அன்றும் அழவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அழுகையைவிட மோசமாக இருந்தது.

அடக்கம் முடிந்ததிலிருந்து அவர் கஞ்சா இலையைப் பாலில் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கு என்பார். தூக்கத்துக்கும்தான் என்று அன்று ஒத்துக்கொண்டார். செவிலி சொன்னதைச் சொன்னேன். எழுந்துபோய்ச் சட்டியைச் சாம்பலில் கவிழ்த்தார்.

பாவம், பட்டபாடு. வேர்வை, சிடுசிடுப்பு, கோழியோடு சண்டை. பிறகு கனவுகள் உடைத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு காலையும் வெயிலில் உட்கார்ந்து எங்களுக்குக் கணக்கு ஒப்பிப்பார்: "இடுகாட்டுல இருக்கிற அத்தனை பேரும் வந்துட்டாங்க. என் அக்கா வந்தா. எப்பவோ செத்த குதிரை வந்துச்சு, சேணத்தோட. அந்த மனுஷன் மட்டும் வரல."

போன வாரம் மாமா வந்துவிட்டார். அம்மாவை முறைத்தாராம். "உன்கிட்ட இல்ல, அவன்கிட்ட" என்றாராம். அம்மா சொன்னார்: "நல்லா முறைச்சார்டி. அப்படியே இருக்கார்." அன்று முழுவதும் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம். கூழில் இரண்டு முறை உப்புப் போட்டார்.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னோம். முன்னோருக்குச் செய்யும் முறைப்படி மாட்டை அறுத்து, போர்வை கொடுத்து, மாமாவைக் குளிரிலிருந்து எடுத்துவிடலாம் என்று. சித்தப்பா ஒப்பவில்லை. "மூத்த மகன் காதுல விழணும். பொம்பளைங்க கனவுக்கெல்லாம் மாடு அறுத்தா தொழுவத்துல சாணிதான் மிஞ்சும்." அம்மா வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. இன்னொரு பனிக்காலம் மாமா அப்படியே நிற்பாரோ என்று அம்மா பயப்படுகிறார். வெளியே போகும்போதெல்லாம் வானத்தைப் பார்க்கிறார்.

ஆகவே கேட்கிறேன். அந்தப் புகையை விட்டுவிடுங்கள்.

நான் கேட்பது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் அப்பா மட்டும் வர மாட்டார். பாறையும் வரும். அன்று உங்கள் பக்கத்தில் நின்று மாண்ட தெபோஹோவும் வருவான், அந்த முகத்தோடு. அவர்களைத்தான் நீங்கள் வெளியே நிறுத்திச் சாத்தியிருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு என்று தனிக் கதவு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

அங்கே வேண்டாம். தூங்காத கண்ணோடு பூமிக்குள் இறங்காதீர்கள். விடுப்பு எடுத்து வந்து இங்கே விடுங்கள். அந்தக் கெட்ட இரவுகளை இந்த வீட்டில் கழியுங்கள். கத்தினால் நான் எழுந்துகொள்வேன். எனக்கு இப்போது விழித்திருக்கப் பழகிவிட்டது. தெபோஹோ வந்தால் அவனைப் பற்றிச் சொல்லுங்கள், கேட்கிறேன். நான் இதுவரை கேட்டதே இல்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்தேன். இந்த ஓர் ஆண்டில் தூக்கத்தில் என்னை ஒருமுறையாவது பார்த்தீர்களா? பதில் எழுத வேண்டாம்.

ரமைலி வெளியே குதிரைக்குச் சேணம் பூட்டிவிட்டான். அம்மா உங்களை நெற்றியில் முத்தமிடச் சொன்னார்; அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆண்டவரும் முன்னோரும் உங்கள் தலைக்கு மேல் இருக்கும் பாறையைத் தாங்கிப் பிடிக்கட்டும். உங்கள் தூக்கம் லேசாக இருக்கட்டும். அது கலையும்போது இங்கே கலையட்டும்.

உங்கள்
மாபலேசா